நம் அணி ஆடும்போது நமக்கு ஏன் கை நடுங்குகிறது? படபடப்பை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

கடைசி ஓவர் வந்தால் அறையை விட்டு வெளியே போய்விடுவேன். பல வருடம் அப்படித்தான். கதவுக்கு வெளியே நின்று, உள்ளே எழும் சத்தத்தை வைத்து விக்கெட்டா சிக்ஸரா என்று கணக்குப் போடுவேன். வாரக்கணக்கில் காத்திருந்து ஆசையாகப் பார்க்க உட்கார்ந்த போட்டிகளின் முக்கியமான நிமிடங்களை எல்லாம் அப்படிக் கதவுக்கு அந்தப் பக்கமே கழித்துவிட்டேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

"வெறும் விளையாட்டுதானே, விடு" என்று எல்லோரும் சொல்வார்கள். அது எனக்கு ஒருநாளும் உதவவில்லை. நமக்கு வேண்டியது ஒன்று பறிபோகப் போகிறது என்று மூளை முடிவு செய்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் இறுகுகின்றன, வயிற்றின் வேலை தள்ளிவைக்கப்படுகிறது. ஓடவோ மோதவோ உடம்பு தயாராகிவிட்டது என்று அர்த்தம். களத்தில் இருக்கும் ஆட்டக்காரருக்கும் இதேதான் நடக்கிறது. ஆனால் அவர் ஓடுகிறார், அடிக்கிறார், பாய்கிறார். திரண்ட சக்தி செலவாகிவிடுகிறது. நமக்கு அதைச் செலவழிக்க வழியில்லை. ஆடத் தயாரான உடம்பை நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறோம். அதனால் கீழே நான் சொல்லும் வழிகளில் பாதிக்கு மேல் உடம்புக்கு ஏதாவது ஒரு வேலை கொடுப்பதுதான்.

உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேரே போகலாம். முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

நெஞ்சு வலி, பாரம், இறுக்கம்

நெஞ்சில் அழுத்துவது போன்ற வலி. அது தோள், கை, தாடை, முதுகு என்று பரவுவது. குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல், மயக்கம் வருவது போன்ற உணர்வு. இவற்றில் எது வந்தாலும் போட்டி அங்கேயே முடிந்தது. அவசர உதவிக்கு அழையுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். "இந்த ஓவர் முடியட்டும்" என்று காத்திருக்காதீர்கள். வெறும் பதற்றமா, மாரடைப்பா என்று வீட்டில் உட்கார்ந்து பிரித்துப் பார்க்க முயலவும் வேண்டாம். அது மருத்துவரின் வேலை.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2006 உலகக் கோப்பைக் கால்பந்து ஜெர்மனியில் நடந்தபோது, மியூனிக் வட்டாரத்தில் இதயக் கோளாறுக்காக அவசர சிகிச்சை பெற்றவர்களைக் கணக்கெடுத்தார்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில் அது வழக்கத்தைவிட 2.66 மடங்காக இருந்தது. ஆட்டம் தொடங்கிய முதல் 2 மணி நேரத்தில்தான் அதிகம் பேர் வந்தார்கள். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களிடம் இந்த ஏற்றம் இன்னும் கூடுதல். அதனால் இதய நோயோ இரத்த அழுத்தமோ இருந்தால் போட்டி நாளன்று மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, "பெரிய போட்டி பார்க்கலாமா, எதைக் கவனிக்க வேண்டும்?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டிய கேள்வி இல்லை இது.

இதயம் படபடக்கிறது, கை வியர்க்கிறது, கால் ஆடுகிறது

எல்லோரையும் தொடும் அறிகுறி இது. கனடாவின் மான்ட்ரியலில் ஐஸ் ஹாக்கி ரசிகர்கள் 20 பேரின் நாடித்துடிப்பை அளந்தார்கள். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு 75 சதவீதமும், அரங்கில் நேரில் பார்த்தவர்களுக்கு 110 சதவீதமும் துடிப்பு கூடியது. வேர்க்க விறுவிறுக்க உடற்பயிற்சி செய்தால் கூடுவது போல. கோல் விழும் வாய்ப்பு வரும்போதும் கூடுதல் நேர ஆட்டத்திலும் உச்சத்துக்குப் போனது. அதாவது உங்கள் உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை, ஆட்டத்தோடு சேர்ந்து அதுவும் ஓடுகிறது.

முதலில் மூச்சைப் பாருங்கள். பதற்றத்தில் மூச்சு மேலேயே, நெஞ்சுக்கூட்டிலேயே நின்றுவிடும். 4 எண்ணும் வரை இழுத்து, 6 அல்லது 8 எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். மூச்சை விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக இதயத்தின் வேகம் தணிகிறது. அதனால் இழுப்பதைவிட விடுவது நீளமாக இருப்பதுதான் முக்கியம். ஆறேழு முறை போதும். பரபரப்பான நேரத்தில் எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். ஆட்டத்துக்குள்ளேயே அதற்கு இடம் இருக்கிறது. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் திரும்பி நடந்து போகும் நேரம் ஒரு மூச்சுக்குச் சரியாக இருக்கும், ஓவர் மாறும்போது இரண்டு மூன்று கிடைக்கும். டென்னிஸில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே 25 நொடி உண்டு. கால்பந்து நிற்காமல் ஓடும், ஆனாலும் பந்து வெளியே போனதும் ஒரு மூச்சு விடலாம். பந்துவீச்சாளரின் நடையோடு மூச்சைக் கட்டிப்போட்ட பிறகுதான் என்னால் கடைசி ஓவரில் அறைக்குள் இருக்க முடிந்தது.

விரல் நுனியும் உதடும் மரத்து, தலை கிறுகிறுத்தால், தேவைக்கு மேல் மூச்சை இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் வருவது அது. "ஆழமாக மூச்சு விடு" என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னால் கேட்க வேண்டாம். ஆழத்தைக் குறைத்து வேகத்தையும் குறையுங்கள்.

மூச்சு மட்டும் போதவில்லை என்றால் எழுந்திருங்கள். நின்றுகொண்டு பாருங்கள், இடைவேளையில் நடங்கள், படி ஏறி இறங்குங்கள். எழ முடியாத இடமென்றால் இரண்டு கைகளையும் 5 நொடி இறுக்கி மூடி, சட்டென்று விடுங்கள். தோள், தொடை, பாதம் என்று ஒவ்வொன்றாக இப்படி இறுக்கி விடலாம். திரண்டு நிற்கும் சக்திக்கு ஒரு வடிகால் கிடைக்கிறது. துணி மடிப்பது, காய் நறுக்குவது, பின்னுவது போல கையால் செய்யும் வேலையும் அப்படித்தான். (கத்தியோடு மட்டும் பெனால்டி நேரத்தில் இருக்க வேண்டாம்.)

அப்புறம் காபி. உடம்புக்குள் போன காஃபீனில் பாதி கரையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். இரவு 7 மணிக்குக் குடித்தது நள்ளிரவிலும் பாதி மிச்சம் இருக்கும். போட்டிக்கு "தெம்பாக" இருக்கட்டும் என்று குடிக்கும் அந்த ஒரு கோப்பைதான் பலருக்கு நடுக்கத்தைக் கூட்டுகிறது. இரண்டு போட்டிக்கு அதை நிறுத்திப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

நான் பெரிதாக நம்பாமல் முயன்று, பலன் கண்ட ஒன்றும் இருக்கிறது. ஆலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மேடையில் பேசுவது, பாடுவது போன்ற பதற்றமான காரியங்களுக்கு முன்னால் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள், "அமைதியாக இரு" என்று தங்களுக்குச் சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பயத்திலும் உற்சாகத்திலும் இதயம் ஒரே மாதிரிதான் அடிக்கிறது. பயத்தை அமைதியாக மாற்றுவது பெரிய தூரம், உற்சாகமாக மாற்றுவது பக்கத்தில் இருக்கிறது. "பயமாக இருக்கிறது" என்று வாயில் வரும்போது "ஆகா, சூடு பிடிக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள்.

போட்டிக்கு முன்பே வயிறு கலங்குகிறது

ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. ஆனால் காலையிலிருந்து அணித்தேர்வு, ஆடுகளம், காயம், கணிப்பு என்று இருபது காணொளி பார்த்தாயிற்று. ஒவ்வொன்றும் மனத்துக்குள் ஒரு தோல்வியை நடத்திக் காட்டிவிட்டுப் போகிறது. செய்ய வேண்டியது எளிது: அணி விவரத்தை ஒருமுறை பாருங்கள், அத்தோடு சரி. போட்டிக்கு 2 மணி நேரம் முன்பே அளவாகச் சாப்பிட்டுவிடுங்கள். இறுகிய வயிற்றில் ஆட்டத்தின் நடுவே உணவைத் திணித்தால் குமட்டும்.

"தோற்றுவிட்டால்..." என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால், அந்த வாக்கியத்தைத் தாளில் எழுதி முடித்து வையுங்கள். தோற்றுவிட்டால் இன்று இரவு வருத்தமாக இருக்கும், நாளை நண்பர்கள் கிண்டல் செய்வார்கள், சனிக்கிழமை அடுத்த ஆட்டம் இருக்கிறது. பாதியில் நிற்கும் வாக்கியம்தான் பெரிதாகத் தெரியும். முடித்துவிட்டால் அதற்கு ஒரு அளவு வந்துவிடுகிறது.

பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை

என் வியாதி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெளியே ஓடிப்போனதும் ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், சிக்கல் அந்த நிம்மதியில்தான் இருக்கிறது. ஓடினால் தப்பிக்கலாம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த போட்டியில் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே ஓடச் சொல்கிறது. முதலில் கடைசி ஓவர், பிறகு கடைசி ஐந்து ஓவர், பிறகு இரண்டாவது இன்னிங்ஸ் முழுவதும். எனக்கு அப்படித்தான் வளர்ந்தது.

வெளியே போய் கைப்பேசியில் ஸ்கோர் மட்டும் பார்ப்பது இன்னும் மோசம். இரண்டு எண்களுக்கு நடுவே என்ன நடந்தது என்று தெரியாது. தெரியாத இடத்தில் மனம் எப்போதும் மோசமானதையே நிரப்பும். திரையில் பந்து வந்து போகும்போது ஒரு பந்துக்கு ஒரு முறைதான் பயப்படுகிறோம், ஸ்கோர் புதுப்பிக்கக் காத்திருக்கும்போது தொடர்ந்து பயப்படுகிறோம். போதாததற்கு இணையத்தில் நேரலை பார்ப்பவர்களுக்குப் படம் பல நொடிகள் பின்தங்கித்தான் வரும். அறிவிப்பு ஒலியோ அடுத்த வீட்டுக் கூச்சலோ முந்திக்கொண்டு வந்து அடிவயிற்றைக் கலக்கும். அதனால் முதல் வேலை, ஆட்டம் முடியும் வரை அறிவிப்புகளை அணைத்துக் கைப்பேசியை வேறு அறையில் வைப்பது.

இரண்டாவது, ஒலி. படம் ஓடட்டும், ஒலியை மட்டும் குறைத்துப் பாருங்கள். வர்ணனையாளரின் குரல் ஏற ஏற நம் துடிப்பும் ஏறும். ஒலி இல்லாத கடைசி ஓவர் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

மூன்றாவது, பழைய ஆட்டங்களில் பழகுவது. முடிவு தெரிந்த, ஆனால் நகம் கடிக்க வைக்கும் போட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். லார்ட்ஸில் 2019 ஜூலை 14 அன்று நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டி இருக்கிறது. ஆட்டம் சமன், சூப்பர் ஓவரும் சமன், கடைசியில் பவுண்டரி எண்ணிக்கையில் 26க்கு 17 என்று நியூசிலாந்தை இங்கிலாந்து தாண்டியது. கால்பந்து என்றால் 2005 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி, இஸ்தான்புல். பாதி ஆட்டத்தில் 0-3 என்று பின்தங்கியிருந்த லிவர்பூல் 3-3 ஆக்கி, பெனால்டியில் ஏசி மிலானை வென்றது. முடிவு தெரிந்தும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடிக்கட்டும், எழுந்து போகாதீர்கள். சில நிமிடத்தில் தானாக இறங்கும். ஏறியது இறங்கும் என்று உடம்பு ஒருமுறை அனுபவித்துக் கற்றுக்கொள்ள வேண்டும். அறிவுரையால் அது வராது.

அதற்குப் பிறகு நேரலையில் படிப்படியாக முயலுங்கள். வழக்கமாக எந்தப் பந்தில் எழுந்து போவீர்களோ, அதற்கு மேல் ஒரே ஒரு பந்து இருங்கள். அடுத்த போட்டியில் இரண்டு. எனக்கு ஒரு முழு சீசன் பிடித்தது.

சில நாள் இதற்கெல்லாம் மனதில் தெம்பு இருக்காது. அப்போது ஆட்டத்தைப் பதிவு செய்து, முடிவைத் தெரிந்துகொண்ட பிறகு பாருங்கள். அது ரசிகருக்கு அழகில்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் அதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். நடுவில் பயந்து ஓடுவதும், முன்கூட்டியே "இன்று பிறகு பார்க்கிறேன்" என்று தீர்மானிப்பதும் ஒன்றல்ல.

"நான் பார்த்தால் தோற்றுவிடுவார்கள்"

நம் கையில் இல்லாத ஒன்றை நம் கையில் இருப்பதாக உணர்வதை, கட்டுப்பாடு பற்றிய மாயை என்று எல்லன் லாங்கர் என்ற உளவியலாளர் 1975இல் விளக்கினார். செய்ய ஒன்றும் இல்லாமல் தவிக்கும் மனதுக்கு, "இந்தச் சட்டை போட்டால் ஜெயிப்போம்" என்பது ஒரு வேலை கிடைத்த மாதிரி. அந்த அளவில் அது ஆறுதல்தான். அதே சட்டை, அதே நாற்காலி என்றால் வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை.

உங்களை ஆட்டத்தைப் பார்க்கவிடாமல் செய்யும் நம்பிக்கையையும், "விக்கெட் விழும், இடத்தை விட்டு எழுந்திருக்காதே" என்று வீட்டில் இருப்பவர்களைக் கட்டிப்போடும் நம்பிக்கையையும்தான் விட வேண்டும். ஒரு நோட்டில் அடுத்த 20 போட்டிகளுக்கு இரண்டே குறிப்பு எழுதுங்கள்: நேரலையாகப் பார்த்தேனா இல்லையா, அணி வென்றதா தோற்றதா. நினைவு பொருந்தியதை மட்டும் சேர்த்து வைக்கும், நோட்டு பொருந்தாததையும் சேர்த்து வைக்கும். அணி தோற்ற இரவில் "என்னால்தான்" என்று உண்மையாகவே குற்ற உணர்ச்சியோடு படுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த நோட்டு பெரிய விடுதலை.

கோபம் பக்கத்தில் இருப்பவர் மேல் பாய்கிறது

இதை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் 2002, 2006, 2010 உலகக் கோப்பைக் கால்பந்து நேரத்துக் காவல்துறைப் பதிவுகளை லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தார்கள். இங்கிலாந்து தோற்ற நாட்களில் குடும்ப வன்முறைப் புகார்கள் 38 சதவீதம் கூடியிருந்தன. வென்றோ சமன் செய்தோ முடிந்த நாட்களிலும் 26 சதவீதம் கூடியிருந்தன. ஆக, தோல்விதான் காரணம் என்று தப்பிக்க முடியாது.

குரல் உயர்வது, மேசையைத் தட்டுவது, குழந்தை குறுக்கே வந்தால் எரிந்து விழுவது: இவைதான் முதல் அறிகுறிகள். அப்போதே எழுந்து வெளியே போய் பத்து நிமிடம் நடங்கள். முன்பு ஓடாதீர்கள் என்று சொன்ன நானே இங்கே போகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே அடிபடுவது இன்னொருவர். போட்டியின்போது மது வேண்டாம். "என் குரல் உயர்ந்தால் சொல்லு" என்று வீட்டாரிடம் முன்பே சொல்லி வையுங்கள், சொன்னால் கேளுங்கள். போட்டி நாள் என்றாலே வீட்டில் மற்றவர்கள் பயந்து ஒதுங்குகிறார்கள் என்றால், அது போட்டியோடு போகும் விஷயம் இல்லை. மனநல ஆலோசகரிடம் போக வேண்டும்.

பந்தயத்தில் பணம் கட்டியிருக்கிறேன்

அப்படியானால் மூச்சுப் பயிற்சி உதவாது. உங்கள் பயம் பணத்தைப் பற்றியது, அணியைப் பற்றியது இல்லை. ஒரு மாதம் பணம் கட்டாமல் போட்டி பாருங்கள். நிறுத்த முடியவில்லை என்றால் பந்தயப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கான உதவியைத்தான் முதலில் தேட வேண்டும்.

ஆட்டம் முடிந்தும் தூக்கம் வரவில்லை

வென்றாலும் வராது. விளக்கை அணைத்ததும் உடம்பு அணைந்துவிடாது. கடைசிப் பந்துக்கும் படுக்கைக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள். கொஞ்ச தூரம் நடப்பது, வெந்நீர்க் குளியல், ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாத பேச்சு, எதுவானாலும் சரி. சிறப்புக் காட்சிகளை அன்று இரவு திரும்பப் பார்க்காதீர்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம். தவறவிட்ட அந்த ஒரு கேட்ச் மனத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் எழுதி வைத்துவிட்டுப் படுங்கள். இருபது நிமிடம் புரண்டும் வரவில்லை என்றால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் ஏதாவது படித்துவிட்டு, கண் சொருகும்போது திரும்பப் படுங்கள்.

தோற்று மூன்று நாளாகியும் மனம் கனக்கிறது

2014 உலகக் கோப்பை அரையிறுதியில் ஜெர்மனியிடம் பிரேசில் 1-7 என்று தோற்றது. அந்தப் போட்டித் தொடரின்போது பிரேசில் ரசிகர்களின் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோனை அளந்தார்கள். அணியும் தானும் ஒன்று என்று உணர்ந்தவர்களிடம் அது கூடுதலாக இருந்தது. 1994 இறுதிப் போட்டிக்குப் பிறகு நடந்த இன்னொரு ஆய்வில், வென்ற பிரேசிலின் ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறியிருந்தது, தோற்ற இத்தாலியின் ரசிகர்களுக்கு இறங்கியிருந்தது. அவர்கள் யாரும் பந்தைத் தொடவில்லை. இந்தக் கனம் உடம்பிலும் இருக்கிறது, கற்பனை இல்லை. அதனால் "இதற்கெல்லாமா வருத்தம்?" என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். ஒரு நாள் வருந்த இடம் கொடுங்கள்.

அணி வென்றால் "ஜெயித்துவிட்டோம்" என்போம், தோற்றால் "தோற்றுவிட்டார்கள்" என்போம். ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளர் 1976இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் இதைக் கண்டு எழுதினார். மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அது. உங்களால் "தோற்றுவிட்டார்கள்" என்று சொல்ல முடியவில்லை, "தோற்றுவிட்டோம்" என்றுதான் வருகிறது என்றால், நீங்கள் அதிகம் அடிபடுகிறவர். அப்படிப்பட்டவர் தனியாகப் பார்க்காமல் இருப்பது நல்லது. அதே அணியை நேசிக்கும் ஒருவரோடு அரை மணி நேரம் புலம்பினால் இறங்கும் பாரம், முகம் தெரியாதவர்களோடு இணையத்தில் சண்டை போட்டால் ஏறத்தான் செய்யும்.

இரண்டு வாரம் தாண்டியும் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டது என்றால் அணியைக் காரணம் காட்டிக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள்.

எதைச் செய்தும் குறையவில்லை

மூன்று நான்கு போட்டி முயன்றும் அப்படியே இருந்தால், அல்லது போட்டி இல்லாத நாளிலும் இதே படபடப்பு வந்தால், இது பதற்றக் கோளாறாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துச் சரிசெய்யும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில், நான் மேலே சொன்ன படிப்படியான பழக்கத்தை ஒருவர் கூடவே இருந்து செய்ய வைப்பார். போகும்போது கையில் ஒரு குறிப்பு கொண்டு போங்கள்: எந்தப் போட்டியில், எந்த நேரத்தில், என்ன தோன்றியது, எவ்வளவு நேரம் நின்றது, அன்று எத்தனை காபி குடித்தீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். "மேட்ச் பார்த்தால் பயமாக இருக்கிறது, டாக்டர்" என்று தொடங்கத் தயக்கமாக இருந்தால், பேசாமல் அந்தத் தாளை நீட்டிவிடுங்கள்.